ஆலைப் பயிற்சிக்கு எக்ஸ்.ஆர்.: வரைபடமும் தரவும் வெளியே போகாமல் நடத்த முடியுமா?

உப்பனாற்றங்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். கடலூர் சிப்காட்டில் உள்ள நடுத்தர அளவிலான வேதிப்பொருள் ஆலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த ஷட்டவுனுக்குள் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலத்துக்குள்) எங்கள் கன்ஃபைன்ட் ஸ்பேஸ் பயிற்சியை, அதாவது ரியாக்டர், சேமிப்புத் தொட்டி, கழிவுநீர்க் குழி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் இறங்கி வேலை செய்வோருக்கான பயிற்சியை, எக்ஸ்.ஆர். முறைக்கு (முகத்தில் அணியும் ஹெட்செட் கருவியில் கணினிக் காட்சியைக் காட்டிப் பழக்கும் முறைக்கு) மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது. இப்போது நடப்பது புரொஜெக்டரில் படம் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பும் வகுப்புதான். ஷட்டவுன் சமயத்தில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களில் பலருக்கு இந்தியோ ஒடியாவோதான் புரியும் என்பதால், அந்த வகுப்பில் எவருக்கு என்ன பதிந்தது என்பது வகுப்பெடுக்கும் எனக்கே தெரியாது. ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் தயக்கம் வேறு. எங்களிடம் வந்து செய்து காட்டிய ஒரு நிறுவனத்தார், ஆலையை அப்படியே கணினிக்குள் கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்காக குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐ.டி. வரைபடங்கள் முழுவதையும் கேட்கிறார்கள். லேசர் ஸ்கேனரை எடுத்துவந்து பிளான்ட்டை அங்குலம் அங்குலமாக அளக்கவும் அனுமதி கேட்கிறார்கள். உருவான மாதிரி அவர்களுடைய கிளவுட் சர்வரில் இருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். யார் எங்கே பார்த்தார், எத்தனை நொடி தயங்கினார் என்பதெல்லாம் டேஷ்போர்டில் வரும். பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டால், "எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது" என்ற ஒரே பதில்தான் வருகிறது. எங்கள் வளாகத்தில் குளோரினும் அம்மோனியாவும் எந்தத் தொட்டியில், எந்தக் குழாய் வழியாக, எந்த வால்வுக்குப் பின்னால் இருக்கின்றன என்பதை முப்பரிமாணத்தில் காட்டும் ஒரு கோப்பு, நாங்கள் பார்த்தறியாத ஓர் ஊரிலுள்ள சர்வரில் கிடப்பதை என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இராணுவமும் கடற்படையும் இத்தகைய பயிற்சிகளை நெடுங்காலமாக நடத்துகின்றன என்று அறிகிறேன். அவர்கள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறார்கள்? பயிற்சிக் காட்சி எங்கள் ஆலையைப் போலவே இருக்க வேண்டியது உண்மையிலேயே அவசியமா? பெரிய நிறுவனங்களுக்கு உள்ள நிதி எங்களிடம் இல்லை என்பதையும் கருத்தில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

லாஸ்பேட்டை மாலுமி (புதுச்சேரி) பதில்:

ஐயா, கடற்படையின் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அதற்குள் இருக்கிறது.

சிமுலேட்டர் எனும் பாவனைப் பயிற்சிக் கருவி மீது படைகளுக்கு உள்ள நம்பிக்கை புதிதல்ல. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-இல் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பெட்டியை முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு அஞ்சல் எடுத்துச்செல்லும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கத் தெரியாத விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அந்தப் பெட்டியின் அருமை படைக்குப் புரிந்தது. நம் நாட்டிலும் பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் முப்படைகளிலும் சிமுலேட்டர்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்கான கொள்கைக் கட்டமைப்பை வெளியிட்டது. இவற்றைச் சொல்வது பெருமைக்காக அல்ல. லிங்கின் பெட்டி உண்மையான விமானத்தைப் போலத் தோற்றமளிக்கவில்லை. கட்டை இறக்கைகள் கொண்ட ஒரு மரப்பெட்டி அது. ஆனால் கருவி காட்டுவதை நம்பு, உடம்பு சொல்வதை நம்பாதே என்ற ஒன்றை அது சரியாகக் கற்றுக்கொடுத்தது. நீங்களும் எதைக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தோற்றம் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் பின்னால் தானாக முடிவாகும்.

உடம்பால் கற்க வேண்டியவற்றைக் கணினிக்குள் கொண்டுபோகாதீர்கள். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி தளத்தில் கப்பலின் சேதக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கென்று ஆடி அசையும் இரும்பு அறைகளே இருக்கின்றன. அவற்றுக்குள் உண்மையான தண்ணீர் பீறிட்டு வரும், மாலுமி நனைந்துகொண்டே ஓட்டையை அடைக்க வேண்டும். எந்த ஹெட்செட்டும் அந்த நீரின் அழுத்தத்தைக் கையில் தராது. உங்கள் விஷயத்தில் பி.ஏ. செட் (முகமூடியுடன் கூடிய சுவாசக் கருவி) அணிவது, ஹார்னஸ் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) மாட்டுவது, டிரைபாடில் வின்ச் இயக்குவது (முக்காலியில் கயிறு சுற்றி ஆளை ஏற்றி இறக்குவது) ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. பி.ஏ. செட்டின் முகமூடியையும் ஹெட்செட்டையும் ஒரே முகத்தில் மாட்ட முடியாது என்ற எளிய உண்மையை விற்பனையாளர்கள் எவரும் சொல்வதில்லை.

மாறாக, வரிசையும் முடிவெடுப்பும் எக்ஸ்.ஆருக்கு மிகவும் பொருந்துபவை. பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எழுதியிருப்பதும் களத்தில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது, குழாயை அடைக்கும் தகடான பிளைண்ட் போடப்பட்டதா என்று உறுதி செய்வது, கேஸ் டிடெக்டரைத் தொட்டியின் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இறக்கி அளப்பது ஆகியவற்றை அதில் பழக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தவுடன் வெளியே நிற்பவர் குதிக்காமல் இருப்பதைப் பழக்க வேண்டும். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இலேயே எச்சரித்தது. தம்பியோ மாமனோ உள்ளே விழுந்து கிடக்கும்போது மேலே நிற்கச் சொல்லும் பாடத்தை புரொஜெக்டரால் கற்பிக்க முடியாது. ஹெட்செட்டுக்குள் ஒருமுறை குதித்து, கண்முன் காட்சி இருண்டுபோவதைப் பார்த்தவர் மறுமுறை தயங்குவார்.

ஹெட்செட்டில் மணம் வராது என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்தில் அது குறையே அல்ல. அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவில்தான் தெரியும், 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும், உயிருக்கு ஆபத்தான அளவாகக் குறிக்கப்பட்டிருப்பதும் அதே 100 பி.பி.எம்.தான். மூக்கை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்கப் பழக்குவதற்கு மணமில்லாத காட்சி உதவியே செய்யும்.

இவற்றில் எதற்கும் உங்கள் ஆலையின் உண்மையான அமைப்பு தேவையில்லை. பொதுவான ஒரு தொட்டி, பொதுவான ஒரு மேன்ஹோல் போதும். வெளியே போனாலும் இழப்பில்லாத காட்சியை வைத்தே பாதிக்கு மேற்பட்ட பயிற்சியை முடித்துவிடலாம் என்பது என் கருத்து.

சேதராப்பட்டு லேத்து (புதுச்சேரி) பதில்:

மாலுமி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பொதுவான காட்சியே போதும் என்பதை எல்லா வேலைக்கும் பொருத்திவிட முடியாது என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் பாதுகாப்புத் துறைக்கு உறுப்புகள் செய்து தரும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கீழ் ஒப்பந்தத்தில் இயங்கும் சிறிய பட்டறை. வரைபடம் எங்கள் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது, நகல் எடுக்கக் கூடாது, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பவை எங்கள் ஒப்பந்தத்தின் அடிப்படை விதிகள். புதிய ஆட்களுக்கு அசெம்பிளி வரிசையைக் கற்பிக்க எக்ஸ்.ஆரைக் கொண்டுவந்தபோது, முதலில் உண்மையான பாகத்துக்குப் பதிலாக அளவுகளை மாற்றிய ஒரு போலிப் பாகத்தை வைத்துத்தான் காட்சி செய்தோம். போல்ட்டுகளை எந்த வரிசையில் முறுக்குவது, எந்த இடத்தில் நிறுத்திப் பரிசோதிப்பது என்பவை அதில் நன்றாகவே பதிந்தன. ஆனால் உண்மையான பாகத்தில் கை நுழையும் இடைவெளி வேறு, குனிய வேண்டிய கோணம் வேறு என்பதால், போலிப் பாகத்தில் தேறியவர் மேசையில் வந்து நின்றதும் ஸ்பேனரைத் தவறான பக்கத்திலிருந்து நுழைத்தார். பழகாதவரைக் காட்டிலும் தவறாகப் பழகியவரைத் திருத்துவதுதான் கடினம்.

ஆகவே இரண்டாவது காட்சி ஒன்றை உண்மையான அளவில் செய்தோம். அது வலைப்பின்னல் எதிலும் இணையாத ஒரு கணினியில், பூட்டிய அறையில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்கள் எங்கள் இடத்துக்கு வந்து, எங்கள் கணினியில் அமர்ந்து வேலை செய்து, எதையும் எடுத்துச்செல்லாமல் திரும்பினார்கள். அவர்கள் இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தோம். உங்கள் ஆலையிலும் அவசரத்தில் எந்த வால்வை மூட வேண்டும், அது எந்த பிளாட்ஃபார்முக்குப் பின்னால் இருக்கிறது, எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்பனவற்றைப் பொதுவான காட்சியில் கற்றுத்தர முடியாது. கற்றுத்தந்தால் ஆள் தவறான பக்கம் ஓடுவார்.

லேசர் ஸ்கேன் பற்றி ஒரு சொல். அது நீங்கள் காட்ட விரும்புவதை மட்டும் அளப்பதில்லை. ஸ்கேனர் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் அனைத்தும், பக்கத்துப் பணிப் பகுதியும், சுவரில் ஒட்டிய ஷிஃப்ட் பட்டியலும் உட்பட, புள்ளிகளாக உள்ளே போய்விடும். எங்களிடம் அலமாரியில் இருந்த வேறொரு வாடிக்கையாளரின் பாகம் ஸ்கேனுக்குள் வந்துவிட்டதை அழித்த பிறகுதான் கோப்பைப் பயன்படுத்த அனுமதித்தோம்.

உப்பனாற்றங்கரை மறுமொழி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பொதுக் காட்சி ஒன்று, எங்கள் ஆலைக்கே உரிய காட்சி ஒன்று என்று பிரித்துக்கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. இரண்டாவதை வளாகத்துக்குள்ளேயே வைத்திருப்பதென்றால் தொழில்நுட்ப வகையில் என்னென்ன தேவைப்படும்? ஹெட்செட் இணையமே இல்லாமல் இயங்குமா? வந்து காட்டியவர்கள் அது முடியாது என்பது போலப் பேசினார்கள்.

புதுவை ஃபயர்வால் பதில்:

முடியும். எல்லா ஹெட்செட்டிலும் முடியாது என்பதால்தான் அப்படிப் பேசியிருப்பார்கள்.

கணினி இல்லாமல் தனித்து இயங்கும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த இயங்குதளத்தைக் கொண்டவை. வெளிப்படையாகச் சொன்னால், நாலைந்து கேமராவும் மைக்கும் வைஃபையும் கொண்ட ஒரு கைப்பேசியை முகத்தில் கட்டிக்கொண்டு ஆலைக்குள் நிற்கிறோம். அணிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிய அந்தக் கேமராக்கள் அறையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுகள் கருவிக்குள் சேமிக்கப்படும். நுகர்வோருக்காக விற்கப்படும் மாதிரிகள் பலவற்றில் கணக்குத் தொடங்காமல் கருவியே திறக்காது. தொழில் நிறுவனங்களுக்கென்று விற்கப்படும் மாதிரிகளில் இணையமில்லாத கியாஸ்க் முறை (குறிப்பிட்ட செயலி மட்டும் திறக்கும் முறை) கிடைக்கும். இன்னும் கடுமையான தேவைக்காக, ஃபின்லாந்தின் வார்யோ நிறுவனம் வைஃபை, புளூடூத் போன்ற ரேடியோ உறுப்புகளே இல்லாமல், முழுவதும் ஆஃப்லைனில் இயங்கும் மாதிரியைப் படைகளையும் அரசுத் துறைகளையும் மனத்தில் வைத்து விற்கிறது. அதன் விலை உங்கள் நிதிக்குள் அடங்காது. அந்த வடிவமைப்பின் தர்க்கத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தர்க்கம் இதுதான்: காட்சிக் கோப்பு ஹெட்செட்டுக்குள் போகவே கூடாது. கேபிளால் கணினியுடன் இணைத்தோ, உள்வளாக வைஃபையில் சர்வரிலிருந்து படமாக மட்டும் அனுப்பியோ இயக்கினால், ஹெட்செட் ஒரு திரையாக மட்டுமே இருக்கும். அது திருடு போனாலும் உள்ளே ஆலை இருக்காது. அந்தக் கணினியை அலுவலக வலைப்பின்னலிலிருந்தும், முக்கியமாக ஆலையை இயக்கும் டி.சி.எஸ். கட்டுப்பாட்டு வலைப்பின்னலிலிருந்தும் முழுவதும் பிரித்து வையுங்கள். பயிற்சிக் காட்சியில் உண்மையான மீட்டர் அளவுகளை நேரலையில் காட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பயிற்சிக்கு அது தேவையே இல்லை, கட்டுப்பாட்டு அமைப்புக்குள் நுழைய ஒரு கதவுதான் கூடுதலாகத் திறக்கும்.

என்கிரிப்ஷன் பற்றி அவர்கள் சொன்னது பொய்யல்ல, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடையுமல்ல. பூட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். அவர்களுடைய ஊழியர் கோப்பைத் திறக்க முடியுமென்றால், அவருடைய மடிக்கணினி உங்கள் ஆலையின் வேலி ஆகிவிடுகிறது. என் அனுபவத்தில் கோப்புகள் கசிவது சர்வரிலிருந்து குறைவு. காட்சியை வடிவமைப்பவரின் மடிக்கணினியிலிருந்தும், "சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய திரைப்பதிவிலிருந்தும்தான் அதிகம். சேதராப்பட்டு நண்பர் செய்தது போல் வேலையை உங்கள் கணினியிலேயே செய்யச் சொல்லுங்கள். மாதிரியில் வெளிப்புற வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, குழாய் விட்டம், அழுத்தம், டேக் எண் (கருவியின் அடையாள எண்) போன்ற தகவல்களை ஏற்றுமதி செய்யும்போதே நீக்கிவிடலாம். தொழிலாளி படிக்க வேண்டிய டேக் எண்களை மட்டும் பிறகு கையால் ஒட்டுங்கள்.

அடுத்தது தொழிலாளியின் உடல் அசைவுத் தரவு. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2023-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரு வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டின் 55,000-க்கும் மேற்பட்ட பயனர்களைத் தலை மற்றும் கைகளின் அசைவை மட்டும் கொண்டு அடையாளம் காண முயன்றபோது, 100 நொடித் தரவிலிருந்து 94 விழுக்காடு துல்லியம் கிடைத்தது. பெயரை நீக்கிவிட்டோம் என்பது இங்கே போதாது. அசைவே கைரேகை ஆகிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் தீங்கற்ற தரவு ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2018 ஜனவரியில் ஒரு பாடம் கிடைத்தது: ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் காலையில் ஓடிய தடங்களே வெளிநாட்டுப் படைத்தளங்களின் எல்லைகளை வரைந்து காட்டின.

ஆகவே மூல அசைவுத் தரவைப் பயிற்சி முடிந்தவுடன் அழித்துவிட்டு, நிகழ்வுகளை மட்டும் பதியுங்கள். பர்மிட்டைப் பார்த்தாரா, மூன்று மட்டத்திலும் அளந்தாரா, உள்ளே குதித்தாரா என்ற அளவில் போதும். இதற்கென்று எக்ஸ்.ஏ.பி.ஐ. என்ற திறந்த தரமுறை இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொலைக்கல்வித் திட்டத்தின் கீழ் உருவானது, இன்று பல பயிற்சி மென்பொருள்கள் பேசக்கூடியது. பெயருக்குப் பதில் பயிற்சி எண்ணைப் பயன்படுத்தி, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை மனிதவளப் பிரிவில் தனியாக வைக்கலாம். இணைய ஊடுருவல் நடந்தால் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு இருக்கிறது. அந்தப் பொறுப்பு கிளவுட் நிறுவனத்தின் தலையில் மட்டும் விழாது என்பதையும் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

பச்சையாங்குப்பம் தோழர் (கடலூர்) பதில்:

தொழிற்சங்கப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இந்த உரையாடலை ஆர்வத்தோடு படித்தேன். ஆலையின் இரகசியம் பற்றி விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. தரவுக்கு உரியவரான தொழிலாளியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது இன்னும் பேசப்படவில்லை.

ஹெட்செட்டுக்குள் தவறு செய்வதற்குத்தான் பயிற்சி. அந்தத் தவறு டேஷ்போர்டில் ஏறி, காண்ட்ராக்டரின் கைக்குப் போய், மறுநாள் கேட் பாஸ் நிறுத்தப்படும் என்று ஒரு முறை செய்தி பரவினால் போதும். அதன் பிறகு எல்லோரும் முன்னால் போனவரிடம் விடையைக் கேட்டுக்கொண்டு வந்து சரியாகவே செய்வார்கள், எவரும் எதையும் கற்க மாட்டார்கள். எனவே பயிற்சிப் பதிவு வேறு, தேர்ச்சிப் பதிவு வேறு என்று எழுத்தில் பிரித்து வையுங்கள். பயிற்சியின்போது நிகழும் தவறுகள் பயிற்சியாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கண் எங்கே போகிறது என்று பதியும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தயங்கிய நொடிகளை எண்ணி ஒருவரது துணிச்சலை அளப்பது பாதுகாப்புப் பிரிவின் வேலையல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு தொடர்பான சில நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காகச் சொல்லாமல் செய்ய வேண்டும் என்பதில்லை. என்ன பதிகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பயிற்சி அறையின் வாசலில் ஒட்டுங்கள்.

உடல்நிலையும் முக்கியம். அமெரிக்க இராணுவம் மைக்ரோசாஃப்ட்டுடன் 2021-இல் 2,188 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய எக்ஸ்.ஆர். கண்ணாடியை 2022-இல் களத்தில் சோதித்தபோது, வீரர்கள் பலர் தலைவலி, குமட்டல், கண் வலி என்று சொன்னதாக அவர்களுடைய அரசு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு பணம் போட்டும் அப்படியென்றால், இரவு ஷிஃப்ட் முடித்து வெறும் வயிற்றோடு வரும் நம் ஆளுக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குமட்டினால் கழற்றிவிட்டு உட்காரலாம், அது தோல்வியாகக் கணக்கிடப்படாது என்று முதலிலேயே சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் ஒருவர் வியர்வையோடு கழற்றிய கருவியை அடுத்தவர் முகத்தில் மாட்டுவதும் நடக்கக் கூடாது; துடைக்கக்கூடிய முகப்பட்டையும் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கான இடைவெளிச் சட்டமும் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

லாஸ்பேட்டை மாலுமி பதில்:

தோழர் சொன்ன பதிவுப் பிரிப்பைப் படைப்பயிற்சியிலும் நல்ல பயிற்றுநர்கள் கடைப்பிடிப்பார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலில் பதவி பார்க்காமல் தவறுகளைப் பேசுவது வழக்கம். அங்கே பேசியது ஆண்டறிக்கைக்குப் போனால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு நடக்கும் அந்தப் பேச்சில்தான் பாடம் பாதிக்கு மேல் பதிகிறது என்பதால், ஆளுக்குப் பத்து நிமிடம் ஹெட்செட் என்றால் குறைந்தது அதே அளவு நேரத்தைப் பேச்சுக்கும் ஒதுக்குங்கள்.

உப்பனாற்றங்கரை மறுமொழி:

அனைவருக்கும் மிக்க நன்றி. நிர்வாகத்திடம் வைக்கப்போகும் முன்மொழிவை இங்கே சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். பொதுவான தொட்டிக் காட்சியைத் தனித்தியங்கும் ஹெட்செட்டுகளில், கியாஸ்க் முறையில், எல்லாக் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் நடத்துவோம். ஒடியா, இந்திக் குரல்களை அந்த மொழி பேசும் எங்கள் மேற்பார்வையாளர்களே பதிவு செய்வார்கள். எங்கள் ஆலைக்குரிய காட்சியை, வால்வு மூடலும் வெளியேறும் வழியும் மட்டும் கொண்டதாக, நிரந்தரப் பணியாளர்களில் அவசரகாலக் குழுவினருக்கு மட்டும், இணைப்பற்ற கணினியில் நடத்துவோம். லேசர் ஸ்கேனுக்குப் பதில் அந்த ஒரு பகுதியை எங்கள் வரைபடத்திலிருந்தே கட்டச் சொல்வோம். அபாயகர வேதிப்பொருள் விதிகள் 1989-இன்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டிய மாக் டிரில்லை இது எந்த வகையிலும் குறைக்காது என்பதையும் எழுதிவிடுகிறேன். சைரன் ஊதி ஓடிக் கூடும் பயிற்சிக்கு மாற்றாக ஹெட்செட்டைக் காட்டி ஆய்வாளரைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. மென்பொருள் நிறுவனம் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. ஹெட்செட்டின் ஆயுளை நம்பி அவ்வளவு காலத்துக்குக் கையெழுத்திடலாமா?

புதுவை ஃபயர்வால் பதில்:

ஹெட்செட்டை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் 2 பெரும்பாலும் தொழில் நிறுவனங்களுக்காக விற்கப்பட்ட ஹெட்செட். 2024 அக்டோபரில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவித்தார்கள், முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் 31 வரை மட்டுமே வரும். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஹெட்செட்டை இயக்கும் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளை நீக்கிவிட்டதால், அதை நம்பிய கேபிள் ஹெட்செட்டுகள் நல்ல நிலையில் இருந்தும் அந்தப் பதிப்பில் வேலை செய்யாமல் போயின. உலகின் பெரிய நிறுவனங்களிலேயே இதுதான் நிலை.

ஆகவே மென்பொருள் ஓப்பன்எக்ஸ்.ஆர். தரமுறையில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். அப்போதுதான் ஹெட்செட்டின் பிராண்டை மாற்றினாலும் காட்சி பெரிய திருத்தமின்றி ஓடும். காட்சியின் மூலக் கோப்புகளும் அதை மீண்டும் உருவாக்கத் தேவையான அனைத்தும் உங்கள் சொத்து என்றும், ஒப்பந்தம் முடிந்தாலும் நிறுவனமே மூடப்பட்டாலும் அவை உங்களிடம் இருக்கும் என்றும் எழுதி வாங்குங்கள். உரிமம் சரிபார்க்க மாதம் ஒருமுறை இணையத்தைத் தொட வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். அது இருந்தால் இணைப்பற்ற கணினி என்ற ஏற்பாடே குலைந்துவிடும். இயங்குதளப் புதுப்பிப்புகளை நேராக ஏற்றாமல், தனியாக ஒரு கணினியில் வைரஸ் சோதித்து, ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு ஹெட்செட்டில் மட்டும் ஏற்றிப் பயிற்சி முழுவதையும் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றில் ஏற்றுங்கள். இந்த வேலைக்குப் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்காவிட்டால், அவசரம் என்று யாரோ தம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை இணைத்துவிடுவார்.

கணினி அறையைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழையில், தரைத்தளத்தில் யு.பி.எஸ். வைத்திருந்த அலுவலகங்கள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்திருக்கிறோம். உங்கள் வளாகமோ ஆற்றை ஒட்டியே இருக்கிறது. மாடியில் ஓர் அறை, இரண்டு சாவி, என்கிரிப்ட் செய்த பேக்கப் வட்டு ஒன்று வேறு கட்டடத்தின் இரும்புப் பெட்டியில் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அளவிலான ஆலைக்கு அது தாங்கும். கால அளவைப் பொறுத்தவரை, இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தமிட்டு, அதன் பின் ஆண்டுதோறும் நீட்டிக்கும் உரிமையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.